உள்ளே மடித்த இரண்டு அங்குலம்

அந்தத் தெருவில் ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனைக்குள் கல்யாணமே முடிந்துவிடும் என்று கேலி செய்வார்கள். அச்சகம், போட்டோ ஸ்டுடியோ, நாற்காலி வாடகைக்கடை, கோடியில் ஒரு சின்ன மண்டபம், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு தையற்கடை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். மற்றதெல்லாம் அங்கேயே கிடைக்கும்.

தையற்கடைக்காரிக்கு இன்ச்சக்கா என்று பேர் விழுந்து பல வருஷம் ஆகிறது. அரை அங்குலத்துக்காக அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பவள். “உங்க இடுப்பப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும், டேப்புக்குத்தான் தெரியும்” என்று எவ்வளவு பெரிய வீட்டு அம்மாளிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். துணி விஷயத்தில் அவ்வளவு கறார். மற்ற விஷயங்களில் தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருப்பாள். அதை ஒரு நல்ல குணம் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப்பேர் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு திங்கட்கிழமை காலை எதிர்வரிசை இஸ்திரிக்காரி தன் மகளோடு கடைக்குள் வந்தாள். கூடவே அவளுடைய அண்ணன். புருஷன் போன பிறகு இஸ்திரிக்காரியும் மகளும் அந்த அண்ணன் வீட்டில்தான் இருந்தார்கள். இஸ்திரிக்கடையும் அவன் இடம்தான். அதனால் பேச்செல்லாம் அவனுடையது.

“ஏம்மா, ஞாயித்துக்கிழமை கல்யாணம். துணி இதுல இருக்கு. வியாழக்கிழமை மத்தியானம் கைக்கு வந்துரணும்” என்று ஒரு பையை மேசைமேல் வைத்தான்.

“யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டாள் இன்ச்சக்கா.

“இவளுக்குத்தான். பதினெட்டு முடிஞ்சிருச்சு” என்றான். வயதை அவள் கேட்கவே இல்லை.

அந்தப் பெண்ணைத் தெருவில் எல்லாரும் தந்தி என்று கூப்பிடுவார்கள். தேய்த்த துணியை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, போன வேகத்தில் திரும்பி வருவாள். கூடவே தெருச்செய்தி அத்தனையும் கொண்டுவருவாள். அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, யாரும் சொல்லாமலே கையைத் தூக்கினாள். வருஷா வருஷம் பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுத்துப் பழகிய பிள்ளை.

இன்ச்சக்கா டேப்பை எடுத்தாள். அளவு சொல்லச் சொல்ல, மூலையில் ஸ்டூலில் இருந்தவள் அளவு நோட்டில் எழுதினாள். அவளைக் காஜா என்பார்கள். பட்டன் ஓட்டைகளுக்குக் காஜா எடுப்பதும் கொக்கி வைப்பதும் அவள் வேலை. வயது இருபத்தொன்று. இடது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டது, நேராகாது. அந்தக் கையால் துணியை அழுத்திக்கொண்டு வலது கையால் தைப்பாள். அதிகம் பேச மாட்டாள்.

“தோள் பன்னெண்டரை. கை நீளம் எட்டு. கை சுத்து...”

மேற்கையில் டேப் பட்டதும் தந்தி வெடுக்கென்று சுருங்கினாள். சட்டைக் கையை இன்ச்சக்கா லேசாக மேலே தள்ளினாள். நாலு விரல் தடம், கருநீலமாக. கட்டைவிரல் தடம் அந்தப் பக்கம் இருக்கும், பார்க்க வேண்டியதில்லை. கண்ணாடியில் இன்ச்சக்காவின் பார்வை அண்ணன்காரன் பார்வையில் முட்டியது. அவன் புன்னகை செய்தான்.

“கை சுத்து எட்டேகால்” என்றாள் இன்ச்சக்கா. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கிப் போயிருந்தது.

அப்போதுதான் அதுவரை சுவரோடு சுவராக நின்ற இஸ்திரிக்காரி வாய் திறந்தாள்.

“அக்கா, ரெண்டு இன்ச் உள்ள மடிச்சு விட்டுத் தைங்க. வளர்ற பிள்ளை.”



அந்த வாக்கியத்தை இன்ச்சக்கா ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் கடைக்கு வரும் ஒவ்வொரு தாயும் சொல்லும் வாக்கியம் அது. கீழ்மடிப்பிலும் பக்கத்திலும் துணி விட்டுத் தைத்தால் பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம், சீருடை இரண்டு வருஷம் தாங்கும். ஆனால் கல்யாணப் பெண்ணுக்கு எந்தத் தாயும் அப்படிச் சொன்னதில்லை. கல்யாணப் பெண் வளர்ந்து முடித்தவள் என்றல்லவா கணக்கு.

இஸ்திரிக்காரிக்குத் தான் சொன்னது தாமதமாகத்தான் உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் சிரித்துச் சமாளித்தான். “பழக்கதோஷம். இவளுக்கு இன்னும் மகளைத் தொட்டில்ல போட்டு ஆட்டற நெனப்பு.”

இன்ச்சக்கா என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவள் அதைச் செய்யவில்லை. “வியாழக்கிழமை வாங்க” என்று சொல்லிப் பையை வாங்கி அலமாரியில் வைத்தாள். மூவரும் படியிறங்கிப் போனார்கள். தந்தி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

பத்து நிமிஷம் கழித்துக் காஜா ஊசியைக் கீழே வைத்தாள்.

“தைக்கப் போறீங்களா அக்கா?”

“நாம என்னடி பண்றது? அவங்க வீட்டு விவகாரம்.”

“எனக்கும் நீங்கதான் தச்சீங்க.”

 ஆறு வருஷமாகக் காஜா இந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவள் எடுக்காததே தனக்குக் கிடைத்த மன்னிப்பு என்று இன்ச்சக்கா நினைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் பதினஞ்சு அப்போ. எங்கம்மா ரெண்டு இன்ச் விடச் சொல்லல. யாருமே சொல்லல. நீங்களாத்தான் விட்டீங்க.” காஜாவின் குரல் உயரவில்லை. “அஞ்சு மாசம் கழிச்சு வயித்துப் பக்கம் பிரிச்சு விடறதுக்கு அதே உடுப்போட வந்தேன். மடிச்ச எடத்துல கோடு இருந்துச்சு. நீங்க ஒரு வார்த்தை பேசாமப் பிரிச்சுக் குடுத்தீங்க. அன்னைலேர்ந்து ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். உங்க கைக்குத் தெரிஞ்சுதானே விட்டுச்சு? கைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது இன்ச்சக்காவுக்கு. தெரியும். அன்றைக்கும் தெரியும். அந்த உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நமக்கென்ன வந்தது என்று நினைத்ததுகூட ஞாபகம் இருந்தது. அந்தக் குழந்தை தங்கவில்லை. அதற்கடுத்த வருஷம் புருஷன் அவள் மணிக்கட்டை ஒடித்தான். அதற்கும் பிறகுதான் காஜா ஒரு துணிப்பையோடு இந்தக் கடைப்படியில் வந்து உட்கார்ந்தாள். வேலை கொடுத்ததைப் பெரிய தர்மம் என்று தெருவே மெச்சியது. இவளும் மெச்சிக்கொண்டாள். வெட்கக்கேடு.

“என்ன செய்யணும்கறே?”

“மொதல்ல அவளைக் கேக்கணும். என்னை யாரும் கேக்கல.”

சாயங்காலம் தந்தி தேய்த்த துணிகளோடு வந்தபோது காஜா அவளை உள்ளே இழுத்து, இன்ச்சக்காவும் வந்ததும் திரையை மூடினாள். உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா என்று நேராகக் கேட்டாள்.

“வேணாம்னு சொல்லிட்டேன்க்கா. நாலு தடவை சொல்லிட்டேன். நாலாவது தடவைதான் மாமா கையப் புடிச்சாரு.” தந்தி மூக்கை உறிஞ்சினாள். “நான் சொல்லாம ஒண்ணும் இல்ல. கேக்கத்தான் ஆள் இல்ல. வெள்ளிக்கிழமை கணக்குப் பரீட்சை வேற இருக்கு. ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை கணக்கு எதுக்குன்னு புஸ்தகத்தைத் தூக்கி அடுப்புல போட்டாரு. மாப்பிள்ளைக்கு முப்பத்தி நாலு வயசு பெரியம்மா. லாரி வச்சிருக்காரு. எனக்கு லாரி எதுக்கு?”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை இன்ச்சக்காவுக்கு. அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அரை அங்குலத்துக்கு வரும் கோபமே தாங்காது. இது அதைவிடப் பல அடி பெரியது.

“அம்மா என்ன சொல்றா?”

“அம்மா ராத்திரி என் புஸ்தகப் பையத் தைக்குது, காலைல மாமா சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுது. வேணாம்னு சொன்னா எங்களுக்கு எடம் இல்லையாம்.”

அடுத்த நாள் காலை இன்ச்சக்கா அளவு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். காஜா கூடவே வந்தாள். முதலில் அச்சகம். அச்சுக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“அம்பது பத்திரிகை. எழுத்தெல்லாம் கோத்தாச்சும்மா. எழுத்துப்பிழை இருந்தாச் சொல்லு, திருத்தறேன். வயசுப்பிழை பாக்கறது என் வேலையா?”

“யார் வேலை?” என்று காஜா கேட்டாள்.  அவர் மணமகள் பெயர் இருந்த வரியைக் குனிந்து படித்தார். அதுவரை அந்தப் பெயர் யாருடையது என்று அவர் யோசித்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் புழங்கும் பெயர் அது; இஸ்திரிக்காரி மகள் என்று இன்ச்சக்கா சொல்லவேண்டியிருந்தது. “நம்ம தந்தியா?” என்றார். “அடக் கடவுளே. நேத்துத்தானே என் சட்டையக் கொண்டுவந்து குடுத்துட்டு, பட்டனைப் பிச்சது நான் இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டுப் போச்சு.”

ஸ்டுடியோக்காரி விஷயத்தைக் கேட்டு முடிக்கும் முன்பே அலமாரியைக் குடைய ஆரம்பித்தாள். பள்ளி அடையாள அட்டைகளுக்குப் படம் எடுத்தவள் அவள்தான். வகுப்புவாரியாகப் பிள்ளைகளின் பிறந்த தேதிப் பட்டியல் அவளிடம் இருந்தது. அதில் தந்திக்குப் பதினாலு வயது, இரண்டு மாதம்.

காஜா தன் கைப்பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தாள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலக எண். “எனக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் குடுத்தாங்க. எனக்குக் கெடச்சப்ப கை ஒடிஞ்சிருந்துச்சு. இவளுக்காவது முன்னாடி கெடைக்கட்டும்” என்று ஸ்டுடியோவிலிருந்தே போன் போட்டாள். எதிர்முனையில் ஒரு பெண் அதிகாரி நிதானமாகக் கேட்டார். இன்ச்சக்கா போனைப் பிடுங்கி, போன வருஷச் சீருடைத் தோள் அளவிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினாள். அளவு நோட்டு சாட்சியாகாதம்மா, பிறந்த தேதிதான் வேணும் என்றார் அவர். டேப்பை நம்பாத அலுவலகம் என்ன அலுவலகம் என்று இன்ச்சக்கா முணுமுணுத்தாள். பட்டியலின் படத்தை ஸ்டுடியோக்காரி அனுப்பிவைத்தாள். வியாழக்கிழமை மத்தியானம் நேரில் வருவதாகவும், அதுவரை மாமன் காதுக்குப் போகவேண்டாம் என்றும், அதற்கு முன்னால் பெண்ணை எங்காவது கூட்டிப்போகப் பார்த்தால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்றும் அதிகாரி சொன்னார்.

அன்று மத்தியானம், மாமன் வெளியே போன நேரம் பார்த்து, தையற்கடையில் தெருக்காரர்கள் கூடினார்கள். உட்கார இடம் போதாமல் நாற்காலிக்கடைக்காரர் தன் கடையிலிருந்தே நாற்காலி கொண்டுவந்தார். வழக்கம்போல ஒருத்தர் மாற்றி ஒருத்தர் பேசினார்கள்.

“இன்னிக்கு வயசு கேட்டா நாளைக்கு ஒருத்தனும் நம்ம தெருவுக்கு வரமாட்டான்” என்றார் நாற்காலிக்காரர்.

“வராட்டிப் போறான்” என்றாள் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். கனத்த உடம்பு, கனத்த குரல், சாவிக்கொத்து இடுப்பில். “என் மண்டபத்துல போன வருஷம் ஒண்ணு நடந்துச்சு. பொண்ணு பந்தியில தூங்கிப் போச்சு. அசதின்னு சொன்னாங்க. குழந்தைங்க அப்படித்தானேய்யா தூங்கும்? நான் வெளக்கணைச்சுக் கதவப் பூட்டிட்டு வீட்டுக்குப் போனேன்.”

அதற்குப் பிறகு யாரும் வியாபாரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பெண் ஞாபகத்தில் இருந்தாள். எல்லாரும் தலையைக் குனிந்து அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காஜா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“தலையைத் தொங்கப் போட்டது போதும். வயசுக் காகிதம் இல்லாம இந்தத் தெருவுல ஒரு கல்யாண வேலையும் எடுக்கறதில்லை. சம்மதமா, இல்லையா? அது ஒண்ணு. தந்தியும் அவ அம்மாவும் தங்க ஒரு எடம் வேணும். இது ரெண்டாவது” என்றாள்.

அத்தனை பேருக்கு முன்னால் அவள் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. மண்டபத்தம்மாள் இடுப்பிலிருந்து ஒரு சாவியைக் கழற்றி மேசைமேல் போட்டாள். “பின்னாடி பாத்திர அறை. ஜன்னல் இருக்கு, கரண்டும் இருக்கு. அங்கேயே இஸ்திரி போடட்டும்.”

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணன்காரன் தங்கையையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். கடையில் கூட்டம் இருப்பதைப் பார்த்து, வியாபாரம் ஜோரா என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. இன்ச்சக்கா அலமாரியைத் திறந்து, அவன் கொண்டுவந்த பையை அப்படியே எடுத்து மேசைமேல் வைத்தாள். துணி மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

“தைக்கல” என்றாள்.

“என்னம்மா வெளையாடறே? ஊர்ல வேற டைலரே இல்லையா?”

“இருப்பாங்க. நான் தைக்கல.”

“பத்திரிகையும் அடிக்கல” என்றார் அச்சுக்காரர் தெளிவாக. எழுத்துகளைக் கலைத்த மை அவர் விரலில் இன்னும் இருந்தது.

“படம் எடுக்க மாட்டேன்” என்றாள் ஸ்டுடியோக்காரி.

“நாற்காலி கிடையாது. நின்னுக்கிட்டே பண்ணிக்கிட்டாலும் மண்டபம் கிடையாது” என்றார் நாற்காலிக்காரர். அவருக்கு அதற்குள் வீரம் வந்திருந்தது.

அண்ணன்காரன் முகம் கறுத்தது. “நீங்க யாருடா கேக்கறதுக்கு? பெத்தவ நிக்கறா, சோறு போட்டு வளக்கற நான் நிக்கறேன். எங்க வீட்டுப் பொண்ணுக்கு வயசு பதினெட்டு. சொல்லு தங்கச்சி, இவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லு. இவளுக்கு என்ன வயசு?”

இஸ்திரிக்காரி கையைப் பிசைந்தாள். சூட்டுக் காயங்கள் ஆறி ஆறித் தழும்பான கைகள். அண்ணனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். தந்தி அம்மாவைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்து நின்றாள். அளவெடுக்க வந்தவள் மாதிரியே.

“தங்கச்சி” என்றாள் இன்ச்சக்கா. “அன்னைக்கு என்கிட்ட ரெண்டு இன்ச் விடச் சொன்னியே. அது பழக்கதோஷம் இல்ல. உன் பிள்ளைய உனக்குத் தெரியும். ஆறு வருஷம் முன்னாடி இதே கடையில எனக்கும் தெரிஞ்சுது, நான் வாயத் திறக்கல. அதுக்கான பலன் இந்த ஸ்டூல்ல உக்காந்து காஜா எடுக்குது. உனக்கு எடம் இருக்கு. மண்டபத்துக்குப் பின்னாடி அறை, சாவி இதோ. இப்போ சொல்லு.”

சாவி மேசைமேல் கிடந்தது. இஸ்திரிக்காரி அதைத் தொடவில்லை. தொடாமலே சொன்னாள்.

“பதினாலு.”

“என்ன?”

“பதினாலுண்ணே. என் பிள்ளைக்குப் பதினாலு வயசு.” இந்தத் தடவை தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். “பதினாலு! இன்னும் வளருது! எத்தனை பேர் கேட்டாலும் பதினாலுதான்!”

அவன் கை ஓங்கியது. தங்கையை அடிக்கவா, மருமகளை இழுக்கவா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அதற்குள் ஸ்டூல் கவிழ்ந்து உருண்டது. காஜா நடுவில் வந்து நின்றாள், திரும்பிப்போன இடது மணிக்கட்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு.

“இத ஏற்கெனவே ஒருத்தன் ஒடிச்சாச்சு. வேற எடம் பாத்து அடி. பாப்போம்.”

அவன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாற்காலிக்காரர் இன்றைக்கும் தினம் ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவன் ஓங்கிய கையைத் தானே இறக்கி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் விட்டுக்கொண்டான். வாசலில் ஜீப் வந்து நின்றது. பெண் அதிகாரியும் ஒரு பெண் போலீசும் இறங்கினார்கள். கேள்விகள், காகிதங்கள், கையெழுத்துகள் என்று சாயங்காலம் வரை ஓடியது. விரல் தடங்களையும் எழுதிக்கொண்டார்கள். லாரிக்காரன் வீட்டுக்கும் தாக்கீது போனது. “இனிமே என் வாசப்படி மிதிக்காதே” என்று தங்கையிடம் கத்திவிட்டு அண்ணன்காரன் ஜீப்பில் ஏறினான். துணிப்பையை அவனே மறந்துவிட்டுப் போனான். காஜா அதை ஜன்னல் வழியாக அவன் மடியில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை தந்தி கடன் வாங்கிய புத்தகத்தைப் படித்துக் கணக்குப் பரீட்சை எழுதினாள். பாஸ் ஆனாள், முக்கி முனகி. இஸ்திரிப்பெட்டி மண்டபத்துக்குப் பின்னால் போனது. விசாரணை முடிந்து வெளியே வந்த அண்ணன் இரண்டு தடவை தெருமுனை வரை வந்து பார்த்துவிட்டுப் போனான். இரண்டு தடவையும் அச்சுக்காரர் தன் நாற்காலியை வாசலில் தூக்கிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தெருவில் வேலை குறைந்ததும் உண்மை. வயசுக் காகிதம் கேட்டதும் முகம் சுளித்து எழுந்துபோனவர்கள் உண்டு. இன்ச்சக்கா அவர்கள் முதுகைப் பார்த்து, “காகிதத்தோட வாங்க, இல்லாட்டி வராதீங்க” என்று குரல் கொடுப்பாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் தந்தி சீருடைக்கு வந்தாள். கடைசி நிமிஷத்தில் வருவது அந்தக் குடும்ப வழக்கம். தோள் பதின்மூன்று ஆகியிருந்தது. கை சுற்றில் டேப் பட்டபோது அவள் சுருங்கவில்லை.

“பெரியம்மா, ரெண்டு பத்தாது. மூணு இன்ச் விடுங்க” என்றாள்.

அவள் போன பிறகு இன்ச்சக்கா அப்போதே வெட்டித் தைக்க உட்கார்ந்தாள். கீழ்மடிப்புக்கு வந்ததும், பின்னால் பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நீள நீளமாகத் தளர்ந்த தையல் போட்டாள். காஜா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

“எனக்கும் அப்படித்தான் போட்டிருந்தீங்க. ஒரே இழுப்புல பிரிஞ்சுது.”

இன்ச்சக்காவின் கால் மிதியில் நின்றுபோனது. பல நாளாகச் சொல்ல நினைத்து மென்று முழுங்கிய வார்த்தையை எடுத்தாள். “காஜா, என்னை மன்னி...”

“அது அப்புறம்” என்றாள் காஜா. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். “மொதல்ல இத முடிச்சு இந்தப் பக்கம் தள்ளுங்க. இன்னும் அஞ்சு பட்டன் வைக்கணும். பிள்ளைக்கு நாளைக்கு ஸ்கூலு.”